கீரி வீட்டுக்கு நான் தெரிவு செய்த பற்றரி

வீட்டுக்குப் பற்றரி தெரிவு செய்வது எப்படி என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் மின்சாரக் கந்தோரில் முப்பத்தொரு வருடமும், ஓய்வுக்குப் பிறகு மன்னார் நகரில் ஒரு சோலர் கடையில் ஆறு வருடமும் இருந்தவன். கூட்டினால் முப்பத்தேழு. அதில் ஒரேயொரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன். மற்ற வீடுகளில் பற்றரி நன்றாகவே வேலை செய்தது. அவற்றிலிருந்து நீங்கள் படிக்க ஒன்றும் இல்லை.

கணக்கைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எந்தச் சாமான் எத்தனை வோற்று, எத்தனை மணித்தியாலம் என்று பெருக்கிக் கூட்டுவதை உங்கள் போனே செய்கிறது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரையைப் பார்க்கிறீர்கள், வீட்டுக்காரரோடு நாலு நிமிடம் கதைக்கிறீர்கள், விலையை அனுப்பிவிடுகிறீர்கள். நான் அப்படிச் செய்ததில்லை. வீட்டுக்குள் போய் ஒவ்வொரு அறையாக எண்ணுவேன். விளக்கு, மின்விசிறி, பிளக் பொயின்ற், கதவு, யன்னல் எல்லாம் எண்ணுவேன். எண்ணாதவன் திருடன் என்று உங்களைப் போன்றவர்களைப் பல தடவை ஏசியும் இருக்கிறேன். எண்ணியவன் என்ன செய்தான் என்பதையும் கேளுங்கள்.

மின்வெட்டுக் காலத்துக்குப் பிறகு எங்கள் கடைக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். கூரையில் சோலர் தகடு போட்டவர்களுக்குத்தான் கோபம் அதிகம். வீதிக் கம்பியில் கரண்ட் நின்றால் தகடும் தானாகவே நின்றுவிடும் என்று விற்றவர்கள் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. வெயில் கூரையைச் சுட்டுக்கொண்டிருக்கும், உள்ளே மின்விசிறி சுற்றாது. பற்றரி இருந்தால்தான் அந்த வெயில் வீட்டுக்கு உதவும். அப்படிக் கோபத்தோடு வந்தவர்களில் ஒருவர் றோசலின் அக்கா. மன்னார்த் தீவில் கீரிக் கடற்கரைப் பக்கம் வீடு. வயது ஐம்பத்தைந்து இருக்கும். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அக்கா என்றுதான் வாயில் வந்தது.

அவருடைய கணவர் மரியதாஸ் சங்கு குளித்தவர். இருபத்தாறு வருடம் கடலுக்கடியில் மூச்சை அடக்கிய மனிதருக்கு, கடைசியில் தரையில் மூச்சு எடுக்க முடியவில்லை. காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து மூக்குக் குழாய்க்குக் கொடுக்கும் மெசின் ஒன்று பகலும் இரவும் அவர் பக்கத்தில் ஓட வேண்டும். பிரான்சில் இருக்கும் மகன் யூட், ஒருவர் பாவித்த மெசினை அங்கே வாங்கிக் கப்பலில் அனுப்பியிருந்தான். கரண்ட் நின்றால் மெசின் நிற்கும். மெசின் நின்றால் மரியதாஸ் அரை மணித்தியாலம் தாங்குவதே பெரிய காரியம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் பற்றரி.

நானும், எங்கள் கடையில் வயர் இழுக்கும் பிற்றர் அன்ரனும் வீடு பார்க்கப் போனோம். அன்ரன் பேசாலை ஆள், நாற்பது வயது, கைவேலையில் கெட்டிக்காரன். நான் வழக்கம்போல எண்ணத் தொடங்கினேன். விளக்கு ஒன்பது. மின்விசிறி நாலு. பிளக் பொயின்ற் பதினொன்று. மரியதாஸ் பின் அறையில், கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என்ர வாயில எத்தினை பல்லு எண்டும் எழுதிப்போட்டீங்களோ?"

"இல்லை."

"எழுதுங்கோ. இருபத்தொண்டு. ரெண்டு ஆடுது. அதுக்கும் கரண்ட் வேணும்."

சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். றோசலின் அக்கா ஓடிவந்து முதுகைத் தடவினார். "சும்மா கிடவுங்கோ. வந்த ஆக்களோடயெல்லாம் பகிடி."

பிறகு தெரிவு. முன்னால் மூன்று வழி இருந்தது. முதலாவது, லொறியில் இருப்பது போன்ற ஈயப் பற்றரி எட்டு. விலை குறைவு. ஆனால் தண்ணீர் பார்த்து ஊற்ற வேண்டும், ஆவி வரும். மூச்சு முட்டுகிறவர் இருக்கும் வீட்டில் அதை வைக்க நான் விடவில்லை. அது சரியான முடிவு. இரண்டாவது, லிதியம் பற்றரி ஒன்று. வீட்டில் முக்கியமான இடங்களுக்கு மட்டும் தனி வயர் இழுத்து, கரண்ட் நின்றால் அந்த இடங்களுக்கு மட்டும் பற்றரி கொடுப்பது. மூன்றாவது, லிதியம் பற்றரி இரண்டு, பெரிய இன்வேட்டர். கரண்ட் நின்றாலும் முழு வீடும் வழமைபோல் இருக்கும்.

யூட் வீடியோவில் வந்தான். உணவகமொன்றின் சமையலறையில் நின்றபடி, தலையில் வெள்ளைத் தொப்பி.

"அங்கிள், முழு வீட்டுக்கும் போடுங்கோ. காசைப் பாக்காதேங்கோ."

"காசு உங்கட தம்பி. கணக்கு என்ர."

"ஏன், என்ன பிழை?"

"முழு வீட்டுக்கும் குடுத்தா ஆராவது தண்ணி மோட்டரைப் போடுவினம். அயன் பண்ணுவினம். சோத்துப் பானையைப் போடுவினம். பற்றரி இறங்கிப்போகும். கடைசியில நிக்கிறது உங்கட அப்பாவின்ர மெசின். ஒரு பற்றரி, முக்கியமான இடங்கள் மட்டும். மெசினும் ஃபிரிஜ்ஜும் லைற்றும் ஓடினா ஒன்பது மணித்தியாலம் தாங்கும். பகலில வெயில் இருந்தா இன்னும் கூட."

அவன் யோசித்தான். "எனக்கு விளங்கேல்ல அங்கிள். உங்களுக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது."

இன்றைக்கும் சொல்கிறேன், நான் சொன்ன காரணம் பிழையில்லை. மின்வெட்டில் தண்ணி மோட்டர் போட்டுப் பற்றரியைக் காலிசெய்த ஏழு வீடுகள் எனக்குத் தெரியும். ஒரு பிழை சரியான காரணத்தோடு வந்தால் அதை யாரும் தடுக்கமாட்டார்கள். நீங்களும் தடுக்கமாட்டீர்கள்.

பின் அறையில் இரண்டு பொயின்ற், ஃபிரிஜ்ஜுக்கு ஒன்று, நாலு விளக்கு, ஹோலிலும் பின் அறையிலும் ஒவ்வொரு மின்விசிறி. இவற்றுக்கு மட்டும் தனி வயர் இழுத்தோம். பற்றரி கொடுக்கும் பொயின்ற் மூன்றிலும் சிவப்புப் புள்ளி ஒட்டினேன். பற்றரியை உப்புக்காற்று அடிக்காத உள்சுவரில், வெள்ளம் வந்தாலும் எட்டாத உயரத்தில் பூட்டினோம். றோசலின் அக்காவுக்குச் சிவப்புப் புள்ளியைக் காட்டி, "மெசினை இதில மட்டும் தான் போடவேணும்" என்றேன். தலையாட்டினார். அந்த நேரம் அடுப்பில் மீன் இருந்தது, வாசலில் ஒரு ஆள் நின்றார், உள்ளே கணவர் இருமினார். அவர் எதற்குத் தலையாட்டினார் என்று நான் பார்க்கவில்லை. வீட்டில் இரவலாக வாங்கிவைத்த ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றும் இருந்தது. பற்றரி வந்த கிழமை அதை உரியவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதையும் நான் தடுக்கவில்லை. ஒன்பது மணித்தியாலம் என்று சொன்னவன் நான்தானே.

நாலு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கரண்ட் பதினாறு தடவை நின்றது. மெசின் ஒரு தடவையும் நிற்கவில்லை. இன்வேட்டர் பெட்டி என் போனுக்கு அனுப்பும் செய்திகளை நான் வீட்டிலிருந்தே பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். கடையில் மற்றவர்களுக்கு அந்த வீட்டைத்தான் உதாரணம் காட்டினேன்.

பிறகு மாரிக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை விடியத் தொடங்கிய மழை நிற்கவில்லை. பத்து மணியளவில் போன் வந்தது.

"ஐயா, றோசலின் கதைக்கிறன். மெசின் நிண்டிட்டுது. கொஞ்ச நேரம் கத்திச்சுது, பிறகு அதுவுமில்ல."

"கரண்ட் இருக்கோ?"

"இருக்கு. லைற் எரியுது, ஃபான் சுத்துது."

"பற்றரியில எத்தினை காட்டுது?"

யாரோ ஓடிப்போய்ப் பார்த்தார்கள். "தொண்ணூற்றி நாலாம்."

"பெட்டியில லைற் பச்சையோ சிவப்போ?"

"பச்சையாம்."

"வீட்டில எத்தினை லைற் எரியுது?"

"ஐயா, அவருக்கு மூச்சு இழுக்குது."

"எண்ணிச் சொல்லுங்கோ அக்கா."

"நாலு. நாலு எரியுது."

நாலு. நான் கொடுத்தது நாலு. கணக்குச் சரி. வீதிக் கம்பியில் கரண்ட் நின்றுவிட்டது, பற்றரி தன் வேலையைச் செய்கிறது என்று எனக்கு விளங்கியது. மெசினின் சுவிச்சை ஒருமுறை நிறுத்திப் போடச் சொன்னேன். போட்டுப் பார்த்தாயிற்று, அசையவில்லை என்றார்.

"அப்ப மெசின்தான் பழுது அக்கா. இனி நிக்காதேங்கோ. உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

நான் கேட்டவை நாலு கேள்வி. இரண்டுக்குப் பதில் இலக்கம், மற்ற இரண்டுக்கும் ஒரு சொல். அவருடைய குரலுக்குப் பின்னால் பல பெண்கள் சேர்ந்து செபமாலை சொல்வது எனக்குக் கேட்டது. வேலைநாளில், கொட்டும் மழையில், அந்த வீட்டில் ஏன் இத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. மெசின் இப்போது எங்கே நிற்கிறது என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது ஐந்தாவது கேள்வியாக இருந்திருக்கும்.

அவரைக் கதிரையோடு நாலு பேர் தூக்கி மழைக்குள் கொண்டுபோனார்கள். ஓட்டோ வர முடியவில்லை, வான் ஒன்று வர இருபத்தைந்து நிமிடம். வழியில் மரம் விழுந்து கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மரியதாஸ் உயிரோடு இல்லை.

செய்தி கேட்டு நானும் அன்ரனும் மதியம் கீரிக்குப் போனோம். வீட்டுக்காரர் எல்லாரும் இன்னும் ஆஸ்பத்திரியில். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்துவிட்டுப் போனார். கட்டில் ஹோலில் இருந்தது. பக்கத்தில் வெள்ளைத்துணி விரித்த மேசை, அதில் மாதா சுரூபம், பாதி எரிந்த இரண்டு மெழுகுதிரி. மேசைக்குப் பின்னால் சுவரில் மெசினின் பிளக் குத்தியிருந்தது. அந்தப் பொயின்றில் சிவப்புப் புள்ளி இல்லை. வீதிக் கம்பியில் கரண்ட் இன்னும் வந்திருக்கவில்லை. மேலே நான் கொடுத்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் கொடுத்த மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பிளக்கைக் கழற்றி, மெசினை உருட்டிக்கொண்டு பின் அறைக்குப் போய்ச் சிவப்புப் புள்ளியில் குத்தினேன். மெசின் உடனே ஓடியது. ஒரு குறையும் இல்லை. உடனே நிறுத்திவிட்டேன். அடி அளந்தேன். பொயின்றுக்குப் பொயின்ற் பதினொரு அடி.

அன்ரன் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றான்.

"இண்டைக்கு முதல் வெள்ளி ஐயா."

"அதுக்கு?"

"மாதத்தின்ர முதல் வெள்ளி பாதர் வீடுவீடா வருத்தக்காரருக்கு நற்கருணை கொண்டு வருவார். பின் அறையில வச்சுக் குடுக்க எங்கட சனம் விடாது. வருத்தக்காரரை ஹோலுக்குக் கொண்டுவந்து, நல்ல உடுப்புப் போட்டு வெளிக்கிடுத்தி, சுரூபத்துக்கு முன்னால வைப்பினம். பக்கத்து வீடெல்லாம் வந்து செபிக்கும். போன மாதங்களில கரண்ட் இருந்திருக்கும், அதால தெரியேல்ல."

நான் திருக்கேதீஸ்வரம் பக்கம் பிறந்த சைவக்காரன். முப்பத்தேழு வருடம் இந்தத் தீவில் கத்தோலிக்க வீடுகளுக்குள் ஏறி இறங்கியிருக்கிறேன். அவர்களுடைய விளக்கு எத்தனை என்று எனக்குத் தெரியும். இது தெரியாது.

"உனக்குத் தெரியும்தானே. வயர் இழுக்கிற அண்டைக்கே ஏன் சொல்லேல்ல?"

"சொல்ல வெளிக்கிட்டனான். 'எண்ணேக்க குறுக்க கதைக்காத' எண்டு ஏசினீங்கள். ரெண்டாந்தரமும் ஏசினீங்கள். நான் பிறகு வாயைத் திறக்கேல்ல."

எனக்கு அது நினைவில் இல்லை. ஆனால் நம்புகிறேன். நான் அப்படித்தான்.

உங்களுக்கான பாடத்தை இந்த இடத்தில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராது. குறைந்த இடங்களுக்கு மட்டும் பற்றரி கொடுப்பது பல வீடுகளுக்குச் சரிதான். ஆனால் ஒருவருடைய மூச்சு அதில் தொங்குகிறது என்றால் சுவரைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள், ஆளைப் பார்த்துச் செய்யுங்கள். அந்த ஆள் ஞாயிறு எங்கே, நல்லநாள் எங்கே, வெக்கை தாங்காத மதியம் எங்கே படுப்பார் என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். தாராபுரத்து முஸ்லிம் வீட்டில் நோன்புக் காலத்தில் எங்கே என்று கேளுங்கள். ஒரு அறைக்கு விளக்குக் கொடுத்தால் அதே அறையின் பொயின்றுக்கும் கொடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தால், எரிகிற விளக்கைப் பார்த்து எல்லாம் சரி என்று சனம் நம்பும். அன்றைக்கு ஹோல் முழுதும் இருட்டாகியிருந்தால் யாராவது ஒருவர் மெசினைத் தூக்கிக்கொண்டு பின் அறைக்கு ஓடியிருப்பார். சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க விடாதீர்கள். உங்களோடு வருகிறவன் வாயைத் திறந்தால், எண்ணுவதை நிறுத்துங்கள்.

இதெல்லாம் எழுத இலகு. அடுத்தது அப்படியில்லை.

கடைக்காரருக்கு அன்று பின்னேரமே சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்.

"ஐயா, அவை என்ன சொல்லினம்?"

"மெசின் பழுது எண்டு நம்பினம். நான்தான் அப்படிச் சொன்னனான்."

"அப்ப அதை ஏன் கிளறுறீங்கள்? போன உயிர் வரப்போகுதோ? நாளைக்கு ஊரெல்லாம் எங்கட பற்றரிதான் ஆளைச் சாகடிச்சது எண்டு கதைக்கும். அமைதியா இருங்கோ."

அமைதியாக இருந்தேன். செத்தவீட்டுக்குப் போனேன். றோசலின் அக்கா என் கையைப் பிடித்து, "நீங்கள் மட்டும் போனை எடுத்தீங்கள் ஐயா. வேற ஒருத்தரும் எடுக்கேல்ல" என்றார். அதற்கும் அமைதியாக இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரும்படி ஆள் அனுப்பியிருந்தார். அவர்களுடைய கோயிலுக்குள் போகாமல் வீட்டுக்குப் போய் வெளியில் கதிரையில் இருந்தேன். பூசை முடிந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். றோசலின் அக்கா தேநீரோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

"யூட் வரேல்லையோ?"

"விசா அலுவல் ஐயா. வர விடமாட்டினமாம். பிள்ளை அங்க கிடந்து அழுகுது. வேலைக்கும் ஒழுங்காப் போறதில்லையாம். கூட இருக்கிற பெடியன் போன் எடுத்துச் சொன்னவன்."

"அப்பாவை நினைச்சோ?"

"மெசினை நினைச்சு. புதுசு வாங்காமப் பழசை வாங்கி அனுப்பினனான், நான்தான் அப்பாவைச் சாகடிச்சனான் எண்டு சொல்லுதாம். நான் எவ்வளவு சொல்லியும் கேக்குதில்ல. நீங்கள் ஒருக்கா அவனோட கதைப்பீங்களோ? மெசின் எண்டா பழுதாகும்தானே, ஆரும் அதுக்கு என்ன செய்யிறது எண்டு. நீங்கள் படிச்ச ஆள், சொன்னாக் கேப்பான்."

நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

"மெசின் பழுதில்லை அக்கா."

"என்ன?"

சொன்னேன். ஹோல் பொயின்ற், பின் அறைப் பொயின்ற், விளக்கு ஏன் எரிந்தது, நான் போனில் எதைக் கேட்கவில்லை, பிறகு வந்து மெசினை ஓடவிட்டுப் பார்த்தது, எல்லாம் சொன்னேன். முடிந்ததும் அவர் மடியில் இருந்த போனை எடுத்து மகனுக்கு அழைப்பு எடுத்தார். "தம்பி, மின்சார ஐயா கதைக்கிறாராம்" என்று என்னிடம் நீட்டினார்.

அவனுக்கும் முதலிலிருந்து சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நான் அனுப்பின மெசின் நல்ல மெசினோ அங்கிள்?"

"நல்ல மெசின் தம்பி. ஒரு குறையும் இல்லை."

நீண்ட நேரம் அவன் அழுவது மட்டும் கேட்டது. என்னை ஏசுவான் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். அவர் வாங்கி, "ஓம் தம்பி... ஓம்... சாப்பிட்டிட்டுப் படு" என்று சொல்லி வைத்தார்.

"உங்களுக்கு எப்ப தெரியும் ஐயா?"

"அண்டைக்கே. மத்தியானமே."

அவர் தலையாட்டினார்.

"பொயின்ற் பிழைச்சது எனக்கு விளங்குது. முதல் வெள்ளி எங்கட வழக்கம், உங்களுக்குத் தெரியாது. நானும் நீங்கள் சொன்னதைச் சரியாக் கேக்கேல்ல. அதை நான் ஆண்டவரிட்ட விட்டிடுவன். அண்டைக்கே தெரிஞ்சுகொண்டு, என்ர பிள்ளையை ஒரு மாதம் அழவிட்டீங்கள். அதுதான் ஏன் எண்டு விளங்கேல்ல."

உள்ளேயிருந்து யாரோ, பாதர் போகப் போகிறார் என்று கூப்பிட்டார்கள். றோசலின் அக்கா எழுந்தார். என் பதிலுக்காகக் கொஞ்சம் நின்றார். பிறகு போனார்.

கடைக்காரர்தான் பேசாமல் இருக்கச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் கடைக்காரர் என் வாயைக் கட்டிவைக்கவில்லை. என்னிடம் போன் இருந்தது. யூட்டின் நம்பரும் அதில் இருந்தது.